வான்கதவு திறப்பதற்கு முன்

வெள்ளிக்கிழமை பகல். நோர்வூட் பசாரில் பாதிக் கடைகள் ஜும்ஆத் தொழுகைக்காகக் கதவை இழுத்துவிட்டிருந்த நேரம். முத்துலிங்கம் நனைந்த உரப்பை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு றிப்காவின் கடைக்குள் வந்தார். ஊருக்குக் கீழே உள்ள டேமில் வலை போட்டுப் பிழைக்கிறவர். தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தது போதும் என்று விட்டுவிட்டு வள்ளம் வாங்கியவர். அவருடைய வலது கையில் முழங்கை வரைக்கும் துணி சுற்றியிருந்தது. துணியில் இரத்தம் ஊறிக் கறுத்திருந்தது.

"கையில என்னண்ணே?" என்றாள் றிப்கா.

"மீனு தங்கச்சி. மீனுனுதான் நெனைக்கிறேன். தம்பி இல்லீங்களா?"

"தொழப் பள்ளிக்குப் போயிருக்கான்."

"அப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்க. மீன் விக்கிறவங்க, ஒங்களுக்குத் தெரியாததா?"

அது வாப்பா காலத்துப் பலசரக்குக் கடை. வாப்பா மௌத்தான பிறகு, கணவர் கட்டாரில் இருக்க, றிப்காதான் அரிசி, பருப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டாள். மற்றப் பாதியில் தம்பி நிப்ராஸ் கண்ணாடித் தொட்டிகள் வைத்து அழகுமீன் விற்றான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொலித்தீன் பையில் ஒரு சோடி மீனைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி போகிற பக்கம் அது.

முத்துலிங்கம் பையைத் தரையில் கவிழ்த்தார். கை நீளத்தையும் தாண்டிய ஒன்று சளாரென்று விழுந்தது. செத்திருந்தது. உடம்பு முழுக்க ஓடு பதித்ததுபோல் கெட்டிச் செதில். முன்னால் நீண்டிருந்தது மீன் வாயே அல்ல, குட்டி முதலையின் வாய். மேலும் கீழும் ஊசிப் பற்கள்.

"வலைய நார் நாராக் கிழிச்சிருச்சி. எடுக்கப் போனேன், செதிலு கத்தி மாதிரி இழுத்துருச்சி. இதுக்குப் பேரு என்னா? மனுசங்களக் கடிக்குமா? எங்க லயத்து வீட்டுப் பொம்பளைங்க அந்தக் கரையிலதான் துணி தொவைக்கிறாங்க."

றிப்கா குனிந்து பார்த்தாள். மேல்தாடையின் இடப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு. அந்தத் தழும்பை அவளுக்குத் தெரியும். விரல் நீளக் குஞ்சாக இருந்தபோது தொட்டியின் மூலைக் கண்ணாடி உடைந்து கிழித்த காயம். நிப்ராஸ் அதைத் தனிவாளியில் போட்டு, மருந்துத் தண்ணீர் மாற்றி மாற்றிக் காப்பாற்றினான். பின்னறைப் பெரிய தொட்டியில் இதுபோல நான்கு இருந்தன. போன மாதம் ஒருநாள் தொட்டி காலியாகக் கிடந்தது. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து நான்கையும் வாங்கிக்கொண்டு போனார் என்று தம்பி சொன்னான். அவளும் நம்பினாள்.

"தெரியல்லண்ணே," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "படம் ஒண்டு எடுத்துக்கிறேன். விசாரிச்சுச் சொல்றேன். மனுசரக் கடிக்கிற சாதியாத் தெரியல்ல."

"யாருகிட்டயும் காட்டாதீங்க," என்றார் அவர் உடனே. "எங்க சங்கத் தலைவர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. வெளிய தெரிஞ்சா மீன் ஏத்துற வேன் வராது. முதலை இருக்குற தண்ணி மீனுனு ஒரு பேரு வந்துருச்சினா, அப்பறம் அவ்வளவுதான்."

அவர் மீனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போனார். தரையில் விழுந்த ஈரத்தை றிப்கா இரண்டு தடவை துடைத்தாள்.

நிப்ராஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தபோது அவள் போனை நீட்டினாள். படத்தைப் பார்த்தவன் முகம் வெளுத்தது. பிறகு, "இது வேற," என்றான்.

"தழும்பு?"

"எல்லா மீனுக்கும் தழும்பு இருக்கும் ராத்தா."

"கொழும்புக்காரன் வாங்கினதாச் சொன்னியே. பிறகு என்னத்துக்கு ஒவ்வொரு பின்னேரமும் ஹனீபா நானாட இறைச்சிக் கடையில கோழிக்குடல் வாங்கிட்டுப் போறாய்?"

அவன் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் போட்டான். பின்னறைக்குப் போய்க் காலித் தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றி நின்றான். அவள் பின்னாலேயே போனாள். அவன் இளையவன், இருபத்துநாலு வயதிலும் தப்புச் செய்தால் சின்னப் பிள்ளையைப் போலக் காதுமடல் சிவந்துவிடும். இப்போதும் சிவந்திருந்தது.

"இத வளர்க்கக் கூடாதெண்டு சட்டம் வந்த நேரம் ஒருத்தரும் வாங்க மாட்டேண்டாங்க," என்றான் மெதுவாக. "கடைகள்ல தேடிப் பாக்குறாங்கண்டு கேள்விப்பட்டேன். தொட்டியும் பத்தல்ல. திரும்ப ஏலாம வளைஞ்சு கிடந்துதுகள். கொல்லச் சொன்னாங்க. ஒண்டரை வருசம் கையால தீனி போட்டுட்டு எப்பிடிக் கொல்ற? பெரிய தண்ணிதானே, ஒரு மூலையில கிடந்து வாழும்னு நெனச்சேன்."

"மத்த மூணும் எங்க?"

"பழைய ரோட்டு மதகுக்கிட்ட. தண்ணிக்குள்ள முங்கின பாலம் இருக்கே, அங்க. பின்னேரத்துல போய் நின்னா மேல வருதுகள்." சொல்லும்போதே அவன் குரலில் ஒரு பிரியம் எட்டிப்பார்த்தது. அதை உணர்ந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். "ராத்தா, ஹட்டன்ல எனக்குப் பேசி முடிச்சு வச்சிருக்கிற சம்பந்தம். இந்த நேரத்துல இது வெளிய தெரிஞ்சா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கொஞ்சம் பொறுங்க. நானே ஏதாவது செய்றேன்."

"என்ன செய்வாய்?"



அன்று பின்னேரம் மழை பிடித்தது. மலையில் பிடிக்கிற மழை ஊரில் பெய்வதைவிடக் கூடுதலாக டேமில் தெரியும். எல்லா ஓடையும் அங்கேதான் இறங்கும்.

மறுநாள் காலை மரியநாயகம் கடைக்கு வந்தார். மீனவர் சங்கத் தலைவர். கோயில் காரியங்களில் முன்நிற்கிறவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, தேநீர் வேண்டாம் என்று கையால் சொல்லி, அரிசி மூட்டைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கூட வந்த முத்துலிங்கம் வெளியே தாழ்வாரத்தில் நின்றுவிட்டார்.

"றிப்கா தங்கச்சி, நேத்து முத்துலிங்கம் ஒண்ணு காட்டுனாராம்."

"ஓம்."

"அது தானா வந்த மீனு கெடையாது. நாப்பது வருசமா இந்தத் தண்ணியப் பாக்குறேன். இந்தப் பக்கத்துல மீன் வளர்த்து விக்கிற கடை ஒண்ணே ஒண்ணுதான். வெளிய தெரிஞ்சா எல்லாரும் எந்தப் பக்கம் விரல நீட்டுவாங்கனு நான் சொல்லணுமா?" அவர் கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்தார். கோபம் இல்லாத பார்வை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. "எனக்கு அது வேணாம். ஒங்க வாப்பா எனக்கு நல்ல மனுசன். நாங்க எங்க வாயத் தொறக்கல. நீங்களும் தொறக்காதீங்க. தண்ணியில மிச்சம் இருக்குறதுங்கள நாங்களே ஈட்டி வச்சிப் பாத்துக்குறோம்."

"இந்த மழையிலயா?"

"மழை வந்தா என்னா, போய்த்தான் ஆகணும்."

றிப்கா தலையை ஆட்டினாள். சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு எழுந்தார். பின்னறைக் கதவுக்கு அப்பால் நிப்ராஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். பகல் சாப்பாட்டில் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினான். ஏதோ வீடியோவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். அந்தச் சிரிப்பை அவளால் தாங்கமுடியவில்லை. ஆபத்து நீங்கிவிட்டது என்று அவன் நினைக்கிறான். நீங்கியது அவனுக்கு மட்டும்தான். தண்ணீருக்குள் மூன்று வாய்கள் அப்படியே இருக்கின்றன.

பின்னேரம் பசார் வழியாக ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டி ஒன்று மெல்ல ஊர்ந்து போனது. சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி ஒரே அறிவிப்பு: நீர்மட்டம் ஏறுகிறது, மழை இப்படியே நீடித்தால் நாளை அணையின் வான்கதவுகள் திறக்கப்படும், கீழே ஆற்றங்கரையில் இருப்பவர்கள் கவனமாக இருங்கள்.

றிப்கா கணக்குப்போட்டுப் பார்த்தாள். கதவு திறந்தால் தண்ணீரோடு அதில் இருப்பதும் போகும். கீழே அடுத்த அணை, அதற்குக் கீழே ஆறு, ஆறு கடல்வரைக்கும். அதற்குப் பிறகு ஈட்டியும் இல்லை, வலையும் இல்லை. கதவு திறப்பதற்கு முன்னால் மரியநாயகத்தின் ஆட்கள் ஏறுகிற அந்தத் தண்ணீருக்குள் வள்ளத்தில் போவார்கள். முத்துலிங்கத்துக்கு ஒரு கைதான் சரியாக இருக்கிறது.

பசார்க் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் முன்பு வந்த படம் ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. நம் நாட்டுக்கு உரியதல்லாத மீன், நத்தை, செடி எதையாவது நீர்நிலைகளில் கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு இந்த இலக்கத்துக்கு அனுப்புங்கள். யாரோ அனுப்பியதை அவளும் படிக்காமலே நாலு பேருக்குத் தள்ளிவிட்டிருந்தாள். இப்போது விரலால் மேலே மேலே தள்ளித் தேடி எடுத்தாள். செத்த மீனின் படத்தைச் சேர்த்தாள். டேமின் பெயரை எழுதினாள். வேறொன்றும் எழுதவில்லை. கட்டைவிரல் அந்த அம்புக்குறியின் மேல் நின்றது. பின்னறையில் தம்பி தங்கமீன்களுக்குத் தண்ணீர் மாற்றுகிற சத்தம் கேட்டது. பிஸ்மி சொல்லி அழுத்தினாள்.

அரைமணி ஆகவில்லை, போன் அடித்தது. ஒரு பெண் குரல், சிங்களத்தில். நன்னீர் மீன்வள அதிகாரி, பெயர் இனோக்கா. களைத்த குரல், ஆனால் கேள்விகள் கூர்மையாக வந்தன. எப்போது பிடிபட்டது, எந்தப் பக்கம், எவ்வளவு நீளம். றிப்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"இந்த ஒன்றை மட்டும்தானே கண்டீர்கள்?" என்று கேட்டாள் இனோக்கா.

"இன்னும் மூன்று இருக்கின்றன."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கு உறைத்தது.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. "நாளைக்கு வாருங்கள்," என்றாள் றிப்கா. "கதவு திறப்பதற்கு முதல் வாருங்கள்."

ஞாயிறு காலை டேம் கரையில் சனம் கூடிவிட்டது. அலுவலக ஜீப் ஒன்றும் நான்கைந்து பேரும் வந்திருந்தார்கள். இனோக்கா முழங்கால்வரை சேறு படிந்த பூட்ஸோடு, ஒல்லியாக, முப்பது வயதுக்குள் இருந்தாள். தண்ணீர் தேயிலைச் சரிவின் கடைசி வரிசைச் செடிகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. பூசைக்குப் போகவேண்டிய மரியநாயகம் குடைக்குக் கீழே அசையாமல் நின்றார். றிப்கா வந்ததும் அவர் பார்வை அவள்மேல் விழுந்து, அங்கேயே கொஞ்சம் நின்று, திரும்பியது. யார் சொன்னது என்று அவருக்கு யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை.

"நம்ம சோத்துல மண்ணப் போட்டுட்டாங்க," என்று யாரோ ஒரு பெண் அவள் காதில் விழும்படியாகவே சொன்னாள்.

வலை போட்டார்கள். டேம் கட்டியபோது முங்கிப்போன மரங்களின் அடிக்கட்டைகள் தண்ணீருக்குக் கீழே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. முதல் வலை கிழிந்து வந்தது. இரண்டாவது பாதியில் சிக்கி, அறுத்துவிட வேண்டியதாயிற்று. தூரத்தில் ஒருமுறை நீண்ட முதுகு ஒன்று மேலே வந்து, காற்றைக் குடிப்பதுபோல் வாயைத் திறந்து மூடி, மறைந்தது. கரையில் நின்ற பிள்ளைகளைத் தாய்மார் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

இனோக்கா போனில் பேசிவிட்டு றிப்காவிடம் வந்தாள்.

"பின்னேரத்துக்கு முன்னால் கதவைத் திறந்துவிடுவார்கள். அணைக்கு ஆபத்து வரும்வரை எனக்காகக் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் கூடாது. மூன்று என்று சொன்னீர்கள். எங்கே நிற்கும் என்று தெரிந்த யாராவது இருந்தால் அவர் எனக்கு இப்போது வேண்டும். தண்டனை பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அது இல்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன்."

றிப்கா தம்பிக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. முச்சக்கரவண்டி பிடித்துக் கடைக்குப் போனாள். அவன் பின்னறையில், காலித் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். போன் மடியில் கிடந்தது.

"நீங்கதானே சொன்ன?"

"ஓம். நான்தான்."

"என்ட பேரையும் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. சொல்லவும் மாட்டேன். நீ வராட்டி அவங்க வெறுங்கையோட போவாங்க, கதவத் திறப்பாங்க, அவ்வளவுதான். ஒனக்கு ஒண்டும் ஆகாது." அவள் மூச்சு வாங்கினாள். "முத்துலிங்கம் அண்ணன் ஒத்தக் கையோட அந்தத் தண்ணியில வள்ளம் விடப் பாக்குறாரு. அவருக்கு ஏதாவது நடந்தா நானும் நீயும் எந்த முகத்தோட இந்தக் கடையத் திறக்குற?"

நிப்ராஸ் மடியில் கிடந்த போனை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தான்.

"ராத்தா, அதுகள் என்னையக் கண்டா வரும். என்னைய நம்பித்தானே வரும்."

வளர்த்தவனுக்கு மட்டும் தெரிந்த வலி அது. அவள் எழுவதற்குக் கை கொடுத்தாள். அவன் எழுந்து, குளிர்சாதனப் பெட்டியின் அடியிலிருந்து மீன்களுக்கு வாங்கிவைத்த தீனிப் பையை எடுத்தான்.

பழைய ரோட்டு மதகு சனம் கூடிய கரையிலிருந்து ஒரு வளைவு தள்ளி இருந்தது. முங்கிய பாலத்தின் கைப்பிடிச் சுவர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நிப்ராஸ் எல்லாரையும் பின்னால் போகச் சொன்னான். சொன்ன விதத்திலேயே இனோக்காவுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்; அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் தன் ஆட்களைக் கையமர்த்தினாள். வீச்சுவலை எறியக் கைப்பழக்கம் உள்ளவர் வேண்டும் என்றார்கள். முத்துலிங்கம் இடதுகையில் வலையைச் சுருட்டிக்கொண்டு முன்னே வந்தார். வேண்டாம் என்று மரியநாயகம் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

நிப்ராஸ் குந்தி உட்கார்ந்து, ஒரு தகர டப்பாவைச் சுவரில் தட்டினான். மெல்ல, விட்டுவிட்டு. கடையில் தீனி போடும்போது தொட்டியின் இரும்புச் சட்டத்தை இப்படித்தான் தட்டுவான் என்பது றிப்காவுக்கு ஞாபகம் வந்தது.

ஒன்றும் வரவில்லை. மழைத்துளிகள் தண்ணீரில் கொப்புளம் கொப்புளமாக வெடித்தன. பின்னால் யாரோ இருமினார்கள். அவன் தட்டிக்கொண்டேயிருந்தான்.

பிறகு, சுவருக்கு ஓரமாகத் தண்ணீர் ஒரு கோடாகப் பிளந்தது. நீண்ட மூக்கு ஒன்று வெளியே வந்து, அசையாமல் நின்றது. நிப்ராஸ் ஒரு துண்டைப் போட்டான். பக்கத்தில் இன்னொரு மூக்கு. அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தான். முத்துலிங்கத்தின் வலை ஒரு வட்டமாக விரிந்து இரண்டின்மேலும் விழுந்தது. தண்ணீர் கொதித்ததுபோல் துள்ளியது. நான்கு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். மண்ணில் வாலடிக்கிற சத்தம் கேட்டது. மண்வெட்டிப் பிடியால் இரண்டு அடி. சத்தம் நின்றது. நிப்ராஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது அந்த அமளியில் ஒதுங்கிவிட்டது. கல்லெறி தூரத்தில் ஒருமுறை மேலே வந்து காற்றைக் குடித்தது. டப்பாவைத் தட்டினால் கொஞ்சம் கிட்டே வந்து மறுபடி விலகியது.

அப்போது அணைப்பக்கமிருந்து சைரன் ஊதியது. முதல் எச்சரிக்கை. கரை முழுக்க ஒரு சலசலப்பு எழுந்தது. இனோக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "போதும், எல்லாரும் மேலே ஏறுங்கள்," என்றாள்.

நிப்ராஸ் சுவரைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறங்கினான்.

"டேய்," என்றாள் றிப்கா. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. அடியில் இருக்கும் பழைய ரோட்டின் மேல்தான் அவன் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்த ரோடு எங்கே உடைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவன் ஒரு கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, இறைச்சித் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு அசைந்தது. ஓதினானோ, மீனோடு பேசினானோ. இரண்டாவது சைரன் ஊதியது. கதவு மெல்ல உயரத் தொடங்கியதில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுக்கத் தொடங்கியதை அவள் கண்ணாலேயே கண்டாள். மிதந்த சருகுகள் எல்லாம் அணைப்பக்கம் முகம் திருப்பின.

மீன் வந்தது. அவன் கையருகே வந்து, பக்கவாட்டில் திரும்பி, வாயைத் திறந்தது. நிப்ராஸ் துண்டை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். மறு நொடி அவனும் இல்லை, மீனும் இல்லை.

முத்துலிங்கம் யாரையும் கேட்கவில்லை. அடிபட்ட கையையும் சேர்த்து வீசி, அவன் மறைந்த இடத்தின்மேல் வலையை எறிந்தார். கயிறு விறைத்தது. அவர் சறுக்கினார். மரியநாயகம் குடையை எறிந்துவிட்டு அவர் இடுப்பைப் பிடித்தார். பின்னால் இன்னும் பலர் பிடித்தார்கள், சற்றுமுன் றிப்காவைத் திட்டிய பெண்ணும் பிடித்தாள். மனிதனும் மீனும் ஒரே பொட்டலமாகச் சுவரில் மோதி, சேற்றில் ஏறி வந்தார்கள். நிப்ராஸின் கைகளும் மார்பும் கீறிக் கிழிந்திருந்தன. இருமி, தண்ணீரைக் கக்கி, பிடியை விடாமல் கிடந்தான். அவன் விரல்களை றிப்காதான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

அணையிலிருந்து இடி உருண்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கதவு முழுதாகத் திறந்துவிட்டது.

பிறகு இனோக்கா ஒரு மீனைக் கரையிலேயே கத்தியால் பிளந்தாள். இரைப்பைக்குள் விரல் நீள மீன்குஞ்சுகள், கரைந்தும் கரையாமலும். போன மாதம் சங்கத்துக்காரர்கள் தாங்களே வாளி வாளியாகக் கொண்டுவந்து விட்ட குஞ்சுகள் அவை. மரியநாயகம் குனிந்து பார்த்தார். நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும்," என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு நிப்ராஸ் பக்கம் திரும்பி, "தம்பிக்குச் சூடா ஏதாவது குடுங்க," என்றார்.

நல்லது என்று சொல்லும்படி எதுவும் உடனே நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வந்தவனிடம் அன்றைக்கே வாக்குமூலம் எடுத்தார்கள். வழக்கு வரும் என்றார்கள். தொட்டிகள் எல்லாவற்றையும் சோதிக்கும்வரை மீன் விற்கக் கூடாது என்று கடையின் அந்தப் பாதியை நாடாக் கட்டி அடைத்தார்கள். ஹட்டன் வீட்டிலிருந்து வழக்கமாக வரும் போன் வரவில்லை. மீன் ஏற்றுகிற வேனும் வரவில்லை. முத்துலிங்கம் வலை நூல் வாங்க வந்தபோது, அதைப் பற்றி எதுவும் பேசாமல், தம்பியின் காயம் எப்படி என்று மட்டும் கேட்டார்.

நிப்ராஸ் ராத்தாவோடு பேசவில்லை. கோபம் என்றும் சொல்லமுடியாது. கேட்டதற்குத் தலையாட்டினான், வைத்ததைச் சாப்பிட்டான். செவ்வாய்க்கிழமை காலை, மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்கும்போது, கட்டுப்போட்ட கையோடு வந்து அவள் முன்னால் நின்றான்.

"ராத்தா, ஒண்டு சொல்லணும். அது நாலு இல்ல. அஞ்சு."

அவள் கையிலிருந்த தராசுத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"சின்னதா இருந்த நேரம் ஒண்ட உண்மையாவே வித்தேன். றொசல்ல பக்கம், வெளிநாட்டுக்காரர் வந்து தங்குற பங்களா ஒண்டு இருக்கே, அங்க இருக்கிற குளத்துக்கு. வாக்குமூலத்துல அத நான் சொல்லல்ல. கேக்கவும் இல்ல. நேத்து முழுக்க யோசிச்சேன். அந்தக் குளம் நிரம்பினா பக்கத்து ஓடையிலதான் வழியும்."

வெளியே தகரத்தில் மழை மறுபடி இறுகியது. றிப்கா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, அவளுக்கும்கூட.

"அந்த அதிகாரி மிஸ்ட நம்பரத் தாங்க," என்றான்.

அவள் போனைத் தந்தாள். அவன் தடுமாறுகிற சிங்களத்தில் தன் பெயரைச் சொல்லித் தொடங்கினான். மறுமுனையில் இனோக்கா ஏதோ வேகமாகக் கேட்டாள். "உயிரோட இருக்கா, போயிட்டுதா எனக்குத் தெரியாது மிஸ்," என்றான். "இப்ப கிளம்பினா நான் முதல்ல போய் நிற்பேன். நீங்க வாங்க."

றிப்கா பருப்பு வாங்க வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடைக்கதவை இழுத்துவிட்டாள். அவன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். கட்டுப்போட்ட கையால் பிடியைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

"பின்னால நகரு," என்றாள் அவள். "நான் ஓட்டுறேன்."